குடியிருக்கும் வீட்டை எல்எல்பி பெயரில் போடலாமா? படிப்படியாக

சேலத்தில் கொலுசுப் பட்டறை, தறி, ஜவ்வரிசி ஆலை என்று தொழில் செய்பவர்கள் பலருக்கும் உள்ள பயம் இது: கடன் ஏறிப்போனால் வீட்டுக்கே வந்துவிடுவார்களே, பேசாமல் வீட்டை ஒரு கம்பெனி பெயரில், அதாவது எல்எல்பி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) பெயரில் போட்டுவிட்டால் என்ன? அமெரிக்க யூடியூப் வீடியோக்கள் வேறு இதற்குத் தூபம் போடுகின்றன. ஆனால் அங்கே ஒரே உறுப்பினர் உள்ள எல்எல்சி என்ற நிறுவன வகையைப் பொதுவாக வருமான வரிக்குத் தனி ஆளாகவே பார்ப்பதில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நம் எல்எல்பி அப்படியல்ல. குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், தனி பான், லாபத்துக்கு 30 சதவீத வரி.

படி 1: யாரிடமிருந்து காப்பாற்றப் போகிறீர்கள்?

பட்டறைக் கடனுக்கு வீட்டையே அடமானம் வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. சொந்த ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால் எல்எல்பியில் உங்களுக்கு உள்ள பங்கையும் தேடி வரலாம். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் சொத்தை மாற்றினால் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தையே செல்லாதென்று அறிவிக்கக் கேட்கலாம். ஆக, கழுத்துக்குக் கத்தி வந்தபிறகு செய்கிற வேலையில்லை இது.

படி 2: செலவைக் கூட்டுங்கள்

பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பை (அரசு நிர்ணயித்த நில மதிப்பை) பாருங்கள். அழகாபுரத்தில் ஒரு வீடு, நிலமும் கட்டடமும் சேர்த்து 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எல்எல்பிக்கு விற்பனைப் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 5,40,000 ரூபாய். அதோடு, வாங்கிய விலையைவிட மதிப்பு ஏறியிருந்தால் உங்கள் பெயரில் மூலதன ஆதாய வரியும் வரும், கையில் ஒரு ரூபாய்கூட வராமலே! மனைவி பெயருக்கோ பிள்ளைகள் பெயருக்கோ செட்டில்மெண்ட் எழுதினால் தீர்வைக்கு 40,000, பதிவுக்கு 10,000 என்ற உச்சவரம்பு உண்டு. அந்தச் சலுகை எல்எல்பிக்குக் கிடையாது.

படி 3: இழப்பதை எழுதுங்கள்

பழைய வரி முறையில் வீட்டுக்கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கிடைக்கும் கழிவு போய்விடும். வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்கினால் கிடைக்கும் ஆதாய விலக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். நீங்கள் தொடர்ந்து அங்கேயே குடியிருக்க, முறையாகச் செய்வதென்றால் உங்கள் வீட்டுக்கு நீங்களே வாடகை ஒப்பந்தம் போட்டு வாடகை கட்ட வேண்டும், அந்த வாடகைக்கு எல்எல்பி வரி கட்டும். போதாக்குறைக்கு, எல்எல்பி என்பதே லாப நோக்கில் தொழில் செய்யத்தான்; சும்மா குடியிருக்க அல்ல.

இதனால்தான் சொல்கிறேன், குடியிருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

படி 4: ஏற்காடு வீடென்றால்?

அது வேறு கதை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து மலையில் ஒரு வீடு வாங்கி விருந்தினருக்கு வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றால் எல்எல்பி பொருந்தும். புதிதாக வாங்குவதை நேரடியாக அதன் பெயரிலேயே வாங்குங்கள், 9 சதவீதம் எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள். கையில் இருப்பதை மாற்றினால்தான் இரட்டைச் செலவு.

முதலில் டிஜிட்டல் கையெழுத்து. அப்புறம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயர் ஒதுக்கீடு, எல்எல்பியைப் பதிவு செய்வதற்கான ஃபில்லிப் படிவம். பதிவானதும் 30 நாளுக்குள் பங்குதாரர் ஒப்பந்தத்தைப் படிவம் 3ல் ஏற்ற வேண்டும். ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன விலைக்கு, யாருக்கு என்பதை இதிலேயே எழுதிவிடுங்கள். மாதிரிப் படிவத்தை அப்படியே நகலெடுக்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பத்திரப்பதிவு நாளில் எல்எல்பியின் பான், பதிவுச் சான்றிதழ், கையெழுத்திடப்போகும் பங்குதாரருக்கான தீர்மானம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம். ஆண்டுதோறும் மே 30க்குள் படிவம் 11 (ஆண்டறிக்கை), அக்டோபர் 30க்குள் படிவம் 8 (கணக்கறிக்கை), ஒரு விருந்தினர்கூட வராத வருடமாக இருந்தாலும் சரி.