பினாங்கில் நில வரைபடத்தைப் பலர் சேர்ந்து வைத்திருக்க

ஆலயச் செயலவையோ குடியிருப்பாளர் சங்கமோ பொதுவாக ஒரு நில வரைபடம் வைத்துக்கொள்ள கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். கோடு வரையத் தொடங்குமுன் லோட் எண்ணை, அதாவது ஒவ்வொரு நிலத்துண்டின் பதிவு எண்ணைச் சரிசெய்யுங்கள்.

செபராங் பிறையின் வடக்கு, மத்தி, தெற்கு என மூன்று மாவட்டங்களிலும் ‘முக்கிம் 6’ உண்டு (முக்கிம் என்பது மாவட்டத்தின் உட்பிரிவு). பதிவேட்டில் ‘முக்கிம் 6, லோட் 412’ என்று மட்டும் இருந்தால் அது எந்த நிலம் என்றே சொல்ல முடியாது. அதனால் நிலத்தின் 16 இலக்க அடையாள எண்ணையே சாவியாக வையுங்கள். அதில் மாநிலத்துக்கு 2 இலக்கம், மாவட்டத்துக்கு 2, முக்கிமுக்கு 2, செக்‌ஷனுக்கு 3, லோட்டுக்கு 7. பினாங்கு மாநிலத்தின் எண் 07. அட்டவணையில் இந்தப் பத்தி (column) எண் வகையாக இருக்கக்கூடாது, எழுத்து வகையாகத்தான் இருக்க வேண்டும். எண் வகையாக எக்செலில் திறந்தால் முன்னால் உள்ள 0 விழுந்துவிடும். கோலாலம்பூர் லோட்டுகள் 14இல் தொடங்குவதால் அங்கே சேதம் இன்னும் மோசம். அங்கே 16 இலக்கமும் அப்படியே நிற்கும், ஆனால் எக்செல் 15 இலக்கம் வரைதான் காக்கும். கடைசி இலக்கம் 0 ஆகி, பக்கத்து நிலத்தின் எண்ணாகவே மாறிவிடலாம்.

அடுத்தது ஆயத்தொலை முறை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறை. ஒவ்வொரு முறைக்கும் இபிஎஸ்ஜி என்ற குறியீட்டு எண் உண்டு. மலேசியாவின் ஜிடிஎம்2000 அடிப்படையில் பினாங்குக்கான கட்டத்தின் குறியீடு இபிஎஸ்ஜி 3382. கைப்பேசி ஜிபிஎஸ் தருவது 4326. பழைய வரைபடங்கள் கெர்தாவ் என்ற பழைய அளவை அடிப்படையில் இருக்கும். அவற்றை மாற்றாமல் புதியவற்றின் மேல் வைத்தால் எல்லை நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். அப்போது பலர் கியூஜிஐஎஸ்ஸில் ‘செட் லேயர் சிஆர்எஸ்’ என்ற கட்டளையை அழுத்துவார்கள். அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், புள்ளிகள் அசையாது. உண்மையில் மாற்ற ‘ரீப்ராஜெக்ட் லேயர்’ வேண்டும். செயற்கைக்கோள் படமும் சில மீட்டர் தள்ளியிருக்கலாம். படத்துக்குப் பொருந்தவேண்டும் என்று லோட் எல்லையை இழுக்கவே இழுக்காதீர்கள்.

பரப்பளவை இணைய வரைபடங்களின் 3857 முறையில் தட்டையாகக் கணக்கிட்டால் பினாங்கில் ஏறக்குறைய 1.6 விழுக்காடு கூடும். அரை ஏக்கர், அதாவது 2,023 சதுர மீட்டர் நிலத்தில் அது சுமார் 32 சதுர மீட்டர், ஒரு கார் நிறுத்துமிடத்தைவிடப் பெரிது. 3382இல் கணக்கிட்டு, பட்டாவில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

கோப்பைப் பகிரும்போது, பல துண்டுகளாக இருக்கும் ஷேப்ஃபைல் வகைக் கோப்பின் எஸ்எச்பி துண்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பயனில்லை. எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே மூன்றும் உடன் வரவேண்டும். பத்திப் பெயரும் பத்து எழுத்தோடு வெட்டப்படும். இந்தத் தொல்லைக்கு ஜியோபேக்கேஜ் நல்ல மாற்று, எல்லாம் ஒரே கோப்பு. ஆனால் கூகள் டிரைவில் வைத்து இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவர் வேலை அழியும். திருத்தும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். மற்றவர்கள் தங்கள் நகலில் குறித்து அனுப்பட்டும்.

களத்தில் கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் பிசகும், மரநிழலில் இன்னும் கூடும். கால்வாய், மின்கம்பம், ஆலய மண்டபம் குறிக்க அது போதும், வேலி போடப் போதாது. எல்லைக்கல்லைக் காட்ட உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் வேண்டும்.

ஒவ்வொரு லோட்டுக்கும் நில அலுவலகத்தில் ‘சாரியான் ரஸ்மி’ (அதிகாரபூர்வ நிலத் தேடல்) எடுத்து, பட்டா எண், பயன்பாட்டு வகை, தடை நிபந்தனை, குத்தகை முடியும் தேதி, தேடல் எடுத்த தேதி ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளாகச் சேருங்கள். விவசாயம் என்று பதிவான நிலத்தில் மண்டபம் நிற்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும். குத்தகை முடியும் தேதியைத் தேதி வகையாகவே வைத்து, ஐந்தாண்டுக்குள் முடியும் லோட்டுகளுக்குச் சிவப்பு நிறம் கொடுங்கள்.