டொமைன் பெயர் உங்கள் கையில்தான் இருக்கிறதா?

மருதமுனையில் கைத்தறிச் சாரி விற்கும் கடைக்காரர் ஒருவர் போன மாதம் போன் எடுத்தார். "தம்பி, வெப்சைட் திறக்குதில்ல." பார்த்தால் டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், காலாவதி. புதுப்பிக்கலாம் என்றால், கணக்கு யாருடையது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் சைட் செய்து கொடுத்த பொடியன் தன்னுடைய ஜிமெயிலில் பதிந்திருக்கிறான். அவன் இப்போது கட்டாரில்.

கள்ளன் வரவே இல்லை, பெயர் போய்விட்டது. அதனால் பூட்டைப் பற்றிப் பேசுமுன் பெயர் யாருடையது என்று பார்ப்போம்.

டொமைன் காணி உறுதி மாதிரி அல்ல, வயல் குத்தகை மாதிரி. டொட் கொம் என்றால் ஒரு வருடத்திலிருந்து அதிகபட்சம் 10 வருடம் வரை எடுக்கலாம். பணம் கட்டுவதை விட்டால் குத்தகை முறியும்.

முதல் வேலை: யார் பேரில்? டொமைன் வாங்கிய நிறுவனத்தின் கணக்குக்குள் போய், உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கின்றனவா பாருங்கள். வெளியே தேடிப் பார்க்கும் பக்கங்களில் இப்போது பெரும்பாலும் பெயரை மறைத்துவிடுகிறார்கள், அதை நம்பி இருக்காதீர்கள். வேறு ஒருவரின் கணக்கில் இருந்தால், அதே நிறுவனத்துக்குள்ளேயே உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் போனை எடுக்கும் காலத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது: மின்னஞ்சல். என்னைக் கேட்டால் பாதிக் காவல் இதுதான். டொமைன் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு வருவது அந்த மெயிலுக்கு. ஒரு டொட் கொம் பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கேட்டால் வரும் அறிவித்தலும் அங்கேதான் வரும். மறுப்புச் சொல்ல 5 நாள் இருக்கிறது. மெயிலுக்குள் புகுந்தவன் முதலில் செய்வது, அந்த அறிவித்தல் உங்கள் கண்ணில் படாமல் பண்ணுவதுதான். ஆகவே மெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபோர்வர்ட் இரண்டையும் திறந்து, நீங்கள் வைக்காத ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மெயிலுக்கும் டொமைன் கணக்குக்கும் வெவ்வேறு பாஸ்வேர்ட் வையுங்கள். இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு இலக்கமும் கேட்கும்படி. எஸ்எம்எஸ்ஸில் வரும் இலக்கத்தைவிட, அந்த இலக்கத்தைப் போனிலேயே காட்டும் ஓதென்டிகேட்டர் செயலி நல்லது, ஏனென்றால் உங்கள் போன் நம்பருக்கு வேறொருவன் சிம் எடுத்துவிட்டால் எஸ்எம்எஸ் அவனுக்குப் போகும். போன் தொலைந்தால் உள்ளே போக உதவும் பேக்கப் கோட்களைக் காகிதத்தில் எழுதி, தேசிய அடையாள அட்டைப் பிரதி வைக்கிற ஃபைலில் வையுங்கள்.

இன்னொன்று: அந்த டொமைனிலேயே ஓடும் மின்னஞ்சலைக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். பெயர் விழுகிற நாளில் மெயிலும் விழும்.

மூன்றாவது: பூட்டு. பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற விடாமல் தடுக்க, கணக்கில் 'டொமைன் லொக்' அல்லது 'ட்ரான்ஸ்ஃபர் லொக்' என்று இருக்கும். போட்டுவிடுங்கள், ஒரு நிமிட வேலை. அப்படி மாற்றும்போது கேட்கப்படும் 'ஓத் கோட்' என்ற இரகசியக் குறியீட்டை யார் கேட்டாலும், சைட் செய்கிற பொடியனே கேட்டாலும், காரணம் தெரியாமல் கொடுக்க வேண்டாம்.

இந்தப் பூட்டுக்கும் எல்லை உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி இலங்கையின் டொட் எல்கே பெயர்களைப் பதியும் பதிவகத்திலேயே தாக்குதல் நடந்து, சில இலங்கை முகவரிகள் வேறெங்கோ போய் நின்றன. அதை நாம் தடுக்க முடியாது. நம் பக்கத்துக் கதவை மூடலாம், அவ்வளவுதான்.

நான்காவது: காலாவதி. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போடுங்கள். ஆனால் கார்டின் திகதி முடிந்திருந்தாலோ, வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறக்காத கார்ட் என்றாலோ அது வேலை செய்யாது. டொட் கொம் காலாவதியானதும் நிறுவனத்தைப் பொறுத்து சில நாள் அவகாசம் இருக்கும், கூடினால் 45 நாள். பிறகு 30 நாள் மேலதிகக் கட்டணத்தோடு மீட்கலாம். அதன்பின் 5 நாள் ஒன்றும் செய்ய முடியாது, அப்புறம் யாரும் எடுக்கலாம். சாரிக் கடைக்காரரின் பெயர் அந்த 30 நாளுக்குள் இருந்தது. கட்டாரிலிருந்து பொடியன் வாட்ஸப்பில் வந்து உள்ளே விட்டான், அபராதம் கட்டி எடுத்தோம்.

"உங்கள் டொமைன் முடிகிறது" என்று வரும் மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.

நீங்கள் கேட்காத மாற்ற அறிவித்தல் வந்தால் அன்றைக்கே மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பழைய பற்றுச்சீட்டுகளையும் இணையுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கள்ளன் மெயிலுக்குள் இருந்தால் நீங்கள் எழுதுவதை அவனும் வாசிப்பான்.