ஆக்‌ஷன் ஃபிகர் தலைக்குக் கண் வரையும்போது

12 அங்குல ஆக்‌ஷன் ஃபிகருக்கு, அதாவது மூட்டுகள் அசையும் வீரர் பொம்மைக்கு, சொந்தமாகத் தலை செய்கிறவர்கள் மூக்கையும் தாடையையும் அழகாக இழைத்துவிட்டுக் கண்ணில் சறுக்குவார்கள். இந்த 1:6 அளவில், அதாவது நிஜ உடலின் ஆறில் ஒரு பங்கில், தலையே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். கண்ணின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர்.

விழிக்குத் தூய வெள்ளை வேண்டாம், பேயறைந்த முகமாகிவிடும். துளி பழுப்பு கலந்த அக்ரிலிக் வெள்ளையைப் பூசி, காய்ந்ததும் மெல்லிய வார்னிஷ் கொடுங்கள். பிறகு கருவிழி பிசகினாலும் ஈரத் தூரிகையால் உடனே துடைத்துவிடலாம், அடி வண்ணம் கெடாது.

கருவிழியை முழு வட்டமாக விடாதீர்கள். மேல் விளிம்பு இமைக்குள் சற்றே மறைய வேண்டும். இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட வீரனும் திடுக்கிட்டவன்போலத்தான் நிற்பான். நான் செய்த முதல் தலை இன்றும் அலமாரியிலிருந்து என்னை அப்படித்தான் முறைக்கிறது.

ஒரு கண்ணை முடித்துவிட்டு மறு கண்ணுக்குப் போகாமல், இரண்டையும் படிப்படியாகச் சேர்த்தே வளர்த்துவாருங்கள். அவ்வப்போது தலையைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். நேரில் பிடிபடாத மாறுகண் அங்கே பளிச்சென்று தெரியும். கடைசியில் முகம் முழுக்க மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், அது காய்ந்தபின் விழிகளில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு. அதையும் குச்சி நுனியால் வைத்தால் போதும்.