‘கோட்’ என்ற சொல்லைப் படமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்துக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதற்கேற்பப் படமெடுத்துப் பழகும் இலங்கை மலையக இளைஞர்கள் சிலரோடு அமர்ந்து அவர்களுடைய படங்களைப் பார்ப்பது என் வழக்கம். ‘கோட்’ (code) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்த படங்களில் இருட்டறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்த ஒருவரும், அவர் கன்னத்தில் விழும் பச்சை எழுத்துகளின் ஒளியுமே திரும்பத் திரும்ப இருந்தன. சொல்லின் முதற்பொருளோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு. அடிமரத்தைக் குறித்த இலத்தீன் சொல் ஒன்று, எழுதும் மரப்பலகையையும், பலகைகளைக் கோத்த ஏட்டையும், ஏட்டில் தொகுத்த சட்டத்தையும் குறிக்கத் தொடங்கி ஆங்கிலத்துக்கு வந்து, இன்று சங்கேதம், கணினி நிரல், உடை ஒழுங்கு, மரபணுக் குறியீடு என விரிந்து நிற்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கும் இவற்றைத் தமிழ் வெவ்வேறு சொற்களால் பிரித்துச் சொல்வது நமக்கு வாய்ப்பானது. கமராவை எடுப்பதற்கு முன் அந்தத் தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே, எங்கே போய் நிற்க வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

ஓசை ஒற்றுமையை மட்டும் நம்புவது அடுத்த தவறு. பழந்தமிழில் ‘கோடு’ என்பதற்கு மலையுச்சி, விலங்கின் கொம்பு, மரக்கிளை, வளைவு என்று பல பொருள்கள் உண்டு. மலைநாட்டில் வாழும் ஒருவருக்கு அந்தச் சொல்லின்மேல் ஆசை வருவதும் இயல்பே. ஆனால் தேயிலை வரிசைகளைப் படமெடுத்துக் ‘கோடு’ என்று பெயரிட்டுவிட்டால், வேலை முழுவதையும் தலைப்பே செய்கிறது, படம் எதையும் செய்வதில்லை. மழைநீர் மண்ணை அள்ளிச் செல்லாதபடி சரிவின் மட்டத்தைத் தழுவி வெட்டப்பட்ட காண்களை, அதாவது வடிகால்களை, காட்டுங்கள். அந்த வளைகோடுகளைத் தொடர்ந்து பார்ப்பவர் மலையின் வடிவத்தையே படித்துவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தாம் படிக்க அறியாத குறியைப் படமெடுப்பது. குறியீடு என்பது அறிந்த இருவருக்கு இடையிலான உடன்பாடு. அதை அறியாதவர் எடுத்த படத்தில் பொருள் இருக்கும், உடன்பாடு இருக்காது. மலைநாட்டு ரயில் பாதையின் கைகாட்டிகளை எடுத்துக்கொள்வோம். கை படுக்கைவாட்டில் நின்றால் ரயில் நிற்க வேண்டும் என்று பொருள். அப்படி நிற்கும் கையைப் படமெடுத்துப் ‘பயணம் தொடங்குகிறது’ என்று எழுதிய ஒருவரை நான் அறிவேன். கைகாட்டியின் பின்புறத்தை எடுப்பவர்களும் உண்டு. அது எதிர்த்திசை ரயிலுக்கு உரிய செய்தி அல்லவா? அந்தப் பாதையில் இதைவிட நல்ல காட்சி ஒன்று உண்டு. ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாதபடி, அடுத்த பகுதிக்குள் நுழையும் உரிமையாக வளையத்தில் கோத்த ‘டேப்லட்’ என்னும் வில்லை நிலையத்தில் சாரதியிடம் கொடுக்கப்படுகிறது. கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒரே சட்டகத்தில் வரும் அந்தக் கணத்தில் உடன்பாடு கண்ணுக்கே தெரிகிறது. அதை நிலைய மேடையில் நின்று, கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுக்கும் எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

தேயிலைப் பொதியிலும் இதே பிழை நேர்கிறது. பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), பி.ஓ.பி.எஃப். போன்ற எழுத்துகள் முதன்மையாக இலையின் அளவையும் தோற்றத்தையுமே சொல்கின்றன. அவற்றைச் சுவையின் தரவரிசையாக எடுத்துக்கொண்டு ‘முதல் தரம்’ என்று குறிப்பெழுதுவது பிழை. அந்த எழுத்துகளில் வரும் ‘ஒரேஞ்ச்’ என்ற சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் தொடர்பில்லை, ஆகவே பொதிக்குப் பக்கத்தில் பழத்தை வைத்துப் படமெடுக்கத் தேவையில்லை. பார்கோடில் 479 என்று தொடங்கும் எண்ணைக் கண்டதும் ‘இலங்கையில் விளைந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண், குறியீட்டை வழங்கிய இலங்கை அமைப்பைக் காட்டுமே தவிர, பொருள் விளைந்த மண்ணைக் காட்டாது.

மோர்ஸ் குறிகளை டோர்ச்சால் எழுதி நீண்ட நேர ஒளிப்பதிவில் பிடிப்பது இளைஞர்கள் விரும்பும் உத்தி. கமராவை நோக்கி நிற்பவர் தம் இடக்கையிலிருந்து வலக்கைப் பக்கமாக நகர்ந்தால், படத்தில் செய்தி வலமிருந்து இடமாகத் தலைகீழாகிவிடும். புள்ளியும் கோடுமான ‘ஏ’, கோடும் புள்ளியுமான ‘என்’ ஆகிவிடும். ஆகவே அவர் தம் வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். கோட்டின் நீளம் மூன்று புள்ளிகளுக்குச் சமம், எழுத்துகளுக்கிடையே மூன்று அலகும் சொற்களுக்கிடையே ஏழு அலகும் இடைவெளி என்ற அளவையும் காக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிந்தவர் கண்ணுக்கு அது வெறும் கிறுக்கல்.

மரபணுக் குறியீட்டுக்கு இணையத்திலிருந்து டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை எடுத்து ஒட்டிவிடுவதை வருத்தத்தோடு பார்க்கிறேன், ஏனெனில் அதன் சான்று நம் வாசலிலேயே இருக்கிறது. விதையிலிருந்து வளர்த்த தேயிலை மலையில் ஒவ்வொரு தூரும், அதாவது செடியும், இலையின் நிறத்திலும் பருமனிலும் வேறுபடும். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உருவாக்கிய ‘டி.ஆர்.ஐ. 2025’ போன்ற இனங்களைத் தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்த்த மலையிலோ, ஓர் இனத்தின் தூர்கள் யாவும் ஒரே மரபணுவைக் கொண்டவை. இந்த இரு மலைகளும் அருகருகே அமைந்த எல்லையில், கொழுந்து துளிர்க்கும் நாட்களில் காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்த ஒரு படம், எந்தச் சுருளும் சொல்லாததைச் சொல்லும்.

கியூ.ஆர். கோடைப் படமெடுப்பவர்கள் அது இன்னும் படிக்கத்தக்கது என்பதை மறந்துவிடுகிறார்கள். கார் உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க 1994 இல் ஜப்பானின் டென்சோ வேவ் உருவாக்கிய இந்தக் குறியீடு, மிக உயர்ந்த பிழைதிருத்த நிலையில் சுமார் 30 சதவீதம் சேதமுற்றாலும் படிக்கப்படும். ஆகவே ஒரு மூலையை விரலால் மறைத்துவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாம் தொலைபேசியில் சுமந்து வரிசையில் நின்ற கோடு ஒவ்வொன்றும் ஒரு வாகனத்துக்கும் அதன் பங்கீட்டுக்கும் உரியது. அடையாள அட்டையும், தோட்டத்து வேலைநாட்களைப் பதியும் செக்ரோலின் பக்கமும் அவ்வாறே தனியொருவருடையவை. இவற்றைப் படத்தில் காட்டத்தான் வேண்டுமென்றால், நீங்களே உருவாக்கிய வெற்று மாதிரியொன்றைப் பயன்படுத்துங்கள்.

உடை ஒழுங்கு என்றதும் கொழுந்தெடுக்கும் பெண்களைத் தேடிப் போவோர் பலர். இடுப்பில் கட்டிய படங்கும் தலைத்துணியும் ஈரத்திலிருந்தும் கிளைக் கீறல்களிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பவை. அவை வேலையால் வந்த உடை, பார்ப்பவருக்கான அலங்காரம் அல்ல. “அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் விலகிவிட வேண்டும்.

தொழில்நுட்பத்தில் இரண்டைச் சொன்னால் போதும். பனிமூட்டத்தைக் கமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் ஒளியளவை முக்கால் அல்லது ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். கணினித் திரையில் அலைவரிகள் தோன்றினால் கோணத்தையோ தூரத்தையோ சற்று மாற்றுங்கள்.

ஒலியாக இருக்கும் குறியீட்டை எப்படிப் படமாக்குவது என்ற கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தோட்டத்தில் தப்பு என்னும் பறையின் அடி, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்கு ஒன்றும் திருவிழாவுக்கு வேறொன்றும் இழவுக்கு மற்றொன்றுமாக மாறும். தப்படிப்பவரின் கைவீச்சை மட்டும் எடுத்தால் எந்த அடி என்பது படத்தில் தெரியாது. இழவு அடி எழும்போது தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் கையை நிறுத்தித் தலை நிமிர்வார். வீட்டாரின் இசைவு பெற்று, படம் அவரிடமிருந்துதான் எடுக்கப்பட வேண்டும்.