மலையில் ஓடும் பழைய டர்போ இல்லாத டீசல் எஞ்சினை நீங்களே பராமரிப்பது எப்படி?

குவாலிஸ், பழைய இண்டிகா, மஹிந்திரா ஜீப் என்று டர்போ இல்லாத டீசல் வண்டி ஒன்றை வாங்கி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை ஸ்பேனரே பிடிக்காதவர்களும் செய்யக்கூடிய வேலைகள்தான் எல்லாம். நல்ல எஞ்சின்கள் இவை, வயதாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். மலையில் இவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: காற்றுப் பற்றாக்குறை, சூடு, டீசலில் கலந்த தண்ணீர்.

முதலில் காற்று

மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். டர்போ இருந்தால் அது காற்றை அழுத்தித் தள்ளி ஈடுகட்டிவிடும். நம் வண்டியில் எஞ்சின் தானாக இழுக்கிற காற்று மட்டும்தான், ஆனால் எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பல பழைய பம்புகள் மேலே வந்தாலும் கீழே அனுப்பிய அதே அளவு டீசலைத்தான் அனுப்பும். எரிக்கக் காற்று போதாததால் பிக்கப் குறையும், அழுத்தி மிதித்தால் கரும்புகை கொஞ்சம் வரும். இது இயல்பு. பிக்கப் இல்லை என்று சொன்னவுடன் பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிவிடுகிற ஆளிடம் தயவுசெய்து வண்டியைக் கொடுக்காதீர்கள். மலையில் அதனால் கூடுவது புகையும் சூடும்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது. மடிப்புக்குள் வெளிச்சம் தெரியவில்லை என்றால் புதிது போடுங்கள், தட்டிவிட்டு மறுபடி மாட்ட வேண்டாம். கல்லாறிலிருந்து ஏறும்போது எஞ்சின் திணறும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். மேல் கியரிலேயே முழுதாக மிதித்து இழுத்தால் கரும்புகையும் சூடும் சேர்ந்தே ஏறும்.

காலையில் ஸ்டார்ட் செய்வது

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல்மேல் உறைபனி படிகிற நாட்களில் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினின் உள்ளே சூடேற்றுகிற பிளக்) வேலை செய்யாமல் இந்த எஞ்சின்களை எழுப்புவது கஷ்டம். சாவியைப் போட்டு ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து, அப்புறம் செல்ஃப் அடியுங்கள். விளக்கு அணைவதால் மட்டும் பிளக் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு அதன் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். ஒரு ஓம் அல்லது அதற்குக் கீழே காட்டினால் சரி, ஒன்றுமே காட்டாவிட்டால் அது செத்துவிட்டது.

ஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் வெள்ளைப் புகை வந்தால் பரவாயில்லை. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் மேல், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டின் மேல், சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துப்போவது டீசல் எஞ்சினில் சகஜம், நிறத்தைப் பார்த்துக் கவலைப்படாமல் அளவையும் கிலோமீட்டரையும் மட்டும் கவனியுங்கள்.

டீசல் ஃபில்டர், இதில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்

இரவுக் குளிரிலும் மூடுபனியிலும் பாதி காலியாக இருக்கும் டேங்கில் ஈரம் கோத்துக்கொண்டு தண்ணீராக இறங்கும். அதனால் மாலையிலேயே டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை லேசாகத் தளர்த்தி, மேலே இருக்கும் ஹேண்ட் பம்பை அமுக்கி, வெளியே வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். சில வண்டிகளில் இந்த பம்ப் டீசல் பம்ப் பக்கத்தில் சின்ன லீவராக இருக்கும். பாட்டிலைச் சில நிமிடம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்குங்கள்.

ஃபில்டரை மாற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும், அதை எடுக்காமல் செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் தீரும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அமுக்குங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வழிகிறபோது, பம்பை அமுக்கியபடியே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இஞ்செக்டருக்கு (டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் பாகம்) வரும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், நட்டைச் சுற்றி டீசல் கசிந்ததும் இறுக்கிவிடலாம். அந்த நேரத்தில் கையை அருகில் கொண்டுபோகவே கூடாது, அவ்வளவு அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஹீட்டர் பிளக் நன்றாக இருந்தும், இரவு நிறுத்திய வண்டி காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் கேட்டால் பெரும்பாலும் எங்கோ ஏர் எடுக்கிறது என்று பொருள். பம்புக்குள் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்குகிற கண்ணாடி மாதிரியான டியூபை மாட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெடித்த ஹோஸ், பழைய செம்பு வாஷர் இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

ரேடியேட்டர்

ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். எஞ்சினோ 85, 90 டிகிரியில் ஓடுவது. இந்த இடைவெளியைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடிதான், ஏனென்றால் அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ கெட்டித்தனமோ இருந்தால், மூடிமேல் அச்சிட்டிருக்கும் அதே அழுத்த எண்ணுள்ள புதிய மூடி வாங்குங்கள். கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிவது நம் பக்கம் ரொம்ப சகஜம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இந்தக் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, டீசல் அரைகுறையாக எரிந்து உள்ளே கார்பன் கட்டும். சூடு ஏறினால் ஃபேன் பெல்ட்டையும், அடைபட்ட ரேடியேட்டரையும் பாருங்கள். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம், ஆறவிடுவது ஒன்றே வழி.

இறங்கும் முன்

பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க உதவுவது பிரேக் பூஸ்டர்; டீசல் எஞ்சினில் அதற்கு வேண்டிய வேக்கூம் (காற்றை உறிஞ்சும் இழுவிசை) தனி பம்பிலிருந்து வருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் (பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) பின்பக்கம் இருக்கும், எஞ்சின் ஆயிலில்தான் ஓடும். அங்கே ஆயில் ஹோஸ் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். டீசல் மிச்சம் ஆகும் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்தால் இந்த பம்பும் நின்றுவிடும், பிரேக் கல்லாகிவிடும். ஒருநாளும் செய்யாதீர்கள். கல்லட்டி மாதிரிச் செங்குத்தான சாலையில் இரண்டாவது, முதல் கியரிலேயே இறங்குங்கள்.

பூஸ்டரைச் சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்கூம் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பிறகுதான் பர்லியாறு பக்கம் வண்டியை இறக்க வேண்டும்.