பனியாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போனால் பனியாற்றைப் பற்றி, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டியைப் பற்றி, எந்த வருடமானாலும் அதே தவறான பேச்சுதான். பனியாற்றுப் பள்ளத்தாக்கு யு வடிவம், ஆற்றுப் பள்ளத்தாக்கு வி வடிவம் என்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும், அதை விடுங்கள்.

பனிக்கட்டியே பாறையை அறுக்கிறது என்பது

கிரானைட்டை விடப் பனிக்கட்டி மென்மையானது. அடியில் உறைந்து சிக்கிய கற்கள்தான் உப்புத்தாளின் மணல் போலத் தேய்க்கின்றன; உருகிவரும் நீர் பால்கலங்கலாக இருப்பது அந்தப் பாறைமாவினால்தான். பனியாறு ஏறிக் கடந்த பாறைமேட்டின் வழவழப்பான பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பனி இறங்கிப்போன மறுபக்கத்தையும் பாருங்கள், விரிசலில் உறைந்த நீரோடு கட்டி கட்டியாகப் பாறையைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கும்.

தட்டையான தரையை நம்புவது

இதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் படத்தைக் காட்டினால் "பனியாறு எவ்வளவு சமமாக இழைத்திருக்கிறது!" என்பார்கள். அது இழைத்த தரை இல்லை, பனி போனபிறகு ஏரியும் ஆறும் நிரப்பிய வண்டலும் சரளையும். அசல் பாறை சில இடங்களில் 300 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆறு தான் போய்ச் சேரும் இடத்தின் மட்டத்துக்குக் கீழே தோண்டாது, ஆனால் பனியாறு தோண்டும், ஏனென்றால் அதைத் தள்ளுவது மேற்பரப்பின் சரிவு, அதனால் அடித்தளம் ஏறுமுகமாக இருந்தாலும் அது நகர்ந்துவிடும்.

இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஸ்விட்சர்லாந்தின் லோட்ச்பெர்க் ரயில் சுரங்கப்பாதையைச் சொல்வேன். காண்டர் ஆற்றின் பள்ளத்தாக்குத் தரைக்கு ஏறத்தாழ 180 மீட்டர் கீழே தோண்டினார்கள், அவ்வளவு ஆழத்தில் திடப்பாறைதான் இருக்கும் என்ற கணக்கில். 1908 ஜூலை 24 அன்று வெடிவைத்ததும், பனியாறு தோண்டிய பள்ளத்தை நிரப்பியிருந்த நீரூறிய மணலும் சரளையும் உள்ளே பாய்ந்து 25 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பகுதியைச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, பாதையை வளைத்து வேறு வழியாகக் கொண்டுபோனார்கள். தரையைப் பார்த்து ஆழத்தைச் சொல்லாதீர்கள். துளையிட்டோ நில அதிர்வலை விட்டோ பாருங்கள்.

பனியாறு பின்வாங்குகிறது என்றால் பனி மேலே ஏறுகிறது என்பது

ஏறாது. வந்து சேரும் பனியை விட உருகுவது அதிகம், அவ்வளவுதான்.

செங்குத்துச் சுவரை அருவி வெட்டியது என்பது

யோசெமிட்டியின் பிரைடல்வெய்ல் அருவி சுமார் 188 மீட்டர் விழுகிறது. அந்தச் சுவர் அருவியின் வேலை இல்லை. பெரிய பனியாறு ஆழமாகத் தோண்டிவிட்டது, பக்கத்துக் கிளைப் பள்ளத்தாக்கு அவ்வளவு ஆழமாகவில்லை, அதனால் அது மேலேயே தொங்கி நிற்கிறது. அருவியை ரசித்தது போதும், அப்புறம் அது புறப்படும் விளிம்பின் உயரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.