மடியில் கட்டிய லைப்ரரியை அவிழ்ப்பது

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு பில் போடும் மென்பொருளை டெபியன் லினக்ஸில் நிறுவும் பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்கிறேன். தரவைச் சுருக்கப் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் லைப்ரரி (பொது நிரல் தொகுப்பு) இசட்லிப். 2022 மார்ச்சில் அதன் 1.2.12 பதிப்பு வெளிவந்தது. அதற்கு முந்தைய 1.2.11-இல், சில வகைத் தரவைச் சுருக்கும்போது நினைவகம் சிதையும் பிழை இருந்தது. டெபியனின் திருத்தம் வந்ததும் பட்டறைக் கணினியைப் புதுப்பித்துவிட்டு, காரைக்குடிக்கு பஸ் ஏறிவிட்டேன். ஆனால் பில் மென்பொருளோ பழைய இசட்லிப் நகல் ஒன்றைத் தன் மடியிலேயே கட்டி வைத்திருந்தது; திருத்தம் அதைத் தொடவில்லை.

மகனுக்குத் திருமணமானதும் ‘வேறு வைப்பது’ எங்கள் வீடுகளில் வழக்கம். ஒரே வளவு, தனித்தனி அடுப்பு. மனிதர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். மென்பொருளில் இப்படி என்றால், கெட்ட அரிசி எந்த உலையில் விழுந்தது என்று ஒவ்வொரு அடுப்பாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படி மடியில் கட்டிய நகலைத் தேட, ஒரு நிரல் எந்த வெளி லைப்ரரிகளை இணைக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். உள்ளேயே கரைத்து இணைத்த லைப்ரரி அதன் கண்ணில் படாது. கோப்புக்குள் இருக்கும் எழுத்து வரிகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டி ‘டிஃப்ளேட்’ என்று தேடுங்கள். இசட்லிப்பின் பதிப்புரிமை வரி அப்படியே கிடைத்தால் நகல் உள்ளே இருக்கிறது. மூல நிரலில் ‘வெண்டர்’, ‘தேர்ட்பார்ட்டி’ அடைவுகளையும் துழாவுங்கள்.

நீக்குவதற்கு முன், அந்த நகலை அதே பதிப்பின் அசலோடு டிஃப் போட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால், டெபியன் அடைவிலுள்ள காப்பிரைட் கோப்பில் ‘ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்’ வரியில் அதன் பெயரை எழுதுங்கள். டெபியனின் யூஸ்கேன் கருவி மூல நிரலை இறக்கும்போதே அதைக் கழித்துக் கட்டித்தரும். அப்படிக் கழித்ததற்கு அடையாளமாக, மூலப் பதிப்பு எண்ணின் முடிவில் ‘+டிஎஸ்’ சேர்ப்பது வழக்கம். ‘வெளியே உள்ளதை எடுத்துக்கொள்’ என்று, கட்டுவதற்கு முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டிடம் சொன்னால் போதாதா? போதாது. வெளியே கிடைக்காவிட்டால் சில நிரல்கள் சத்தமில்லாமல் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும். அடைவே இல்லையென்றால் பில்ட் (நிரலைக் கட்டும் வேலை) முறிந்து நிற்கும். முறியட்டும், அப்போதுதான் நமக்குத் தெரியும்.

பிறகு, கட்டுவதற்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பில்ட்-டிபெண்ட்ஸில் ‘இசட்லிப்1ஜி-டெவ்’ சேருங்கள். கட்டி முடித்ததும் பேக்கேஜின் டிபெண்ட்ஸ் வரியில் (ஓடுவதற்குத் தேவையானவை) ‘இசட்லிப்1ஜி’ தானாக வந்திருக்க வேண்டும்.

என்னிடம் பிடிஎஃப் லைப்ரரி மட்டும் நீங்கவில்லை. தமிழ் எழுத்துகளுக்காக மென்பொருளை எழுதியவர் அதில் இரண்டு இடங்களில் கைவைத்திருக்கிறார். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸாக இருந்தால், பேக்கேஜ் விவரம் எழுதும் ஸ்பெக் கோப்பில் ‘ப்ரொவைட்ஸ்: பண்டில்டு’ என்று பெயரும் பதிப்பும் அறிவிக்க வேண்டும். நான் ரீட்மி.சோர்ஸ் கோப்பில் காரணத்தை எழுதிவைத்தேன். இரண்டு திருத்தங்களையும் அந்த லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.